ராமசுப்புவின் ஏச்சு தெருவில் நின்ற கதை

ராமசுப்பு குடியை நிறுத்திய அன்று சாயங்காலம், அவன் இத்தனை வருஷமாகக் குடித்துவிட்டுக் கத்தியதெல்லாம் தெருவுக்குத் திரும்பி வந்தது. திரும்பி வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. எங்கேயாவது போயிருந்தால்தானே திரும்பி வருவதற்கு? கத்தின இடத்திலேயே, கத்தின உயரத்திலேயே, குழாயடியில் ஒன்று, வேப்பமரத்து மூட்டில் ஒன்று, டீக்கடை பெஞ்சுக்கு மேலே ஒன்று, மளிகைக்கடை வாசலில் ஒன்று என்று அந்தரத்தில் அதுபாட்டுக்கு இருந்திருக்கிறது. இவன் வாய் ஓய்ந்தது, அது வாயைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் கேட்டவன் டீக்கடை சங்கிலி. விளக்குப் போடுகிற நேரம், பாலை ஆற்றிக்கொண்டு நிற்கிறான், ஆளே இல்லாத பெஞ்சுக்கு ஒரு முழம் மேலேயிருந்து, “ஏலே சங்கிலி, இது டீயா, எருமைக்கு வச்ச கழனித்தண்ணியாலே? உங்கப்பன் திருடன், நீ திருடனுக்குப் பொறந்த திருடன்” என்று ராமசுப்புவின் கொழகொழத்த குரல் வருகிறது. சங்கிலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னைக்கும் ஏத்தியாச்சாண்ணே” என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, டீயைக் கொண்டுபோய் வைக்கத் திரும்பினால் பெஞ்சு காலி. ராமசுப்பு அந்த நேரத்தில் நாலு வீடு தள்ளி, தன் வீட்டுக்குள்ளே, குடிக்காத உடம்பு நடுங்க, போர்வைக்குமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். சங்கிலி கொஞ்ச நேரம் யோசித்தான். குரல் இருக்கிறது, ஆளைக் காணோம். சரி, ஆள் இல்லாத ராமசுப்பு வாந்தி எடுக்கமாட்டான், பெஞ்சைத் தூக்கி எறியமாட்டான், அதுவும் நல்லதுக்குத்தான் என்று அந்த டீயை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டான்.

அது ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருக்கிற, பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். எந்த ஊரிலோ எவனுக்கோ அடிபட்டால் சுற்றிக் கட்டுகிற துணி இங்கேதான் விசைத்தறியில் ஓடிக்கொண்டிருக்கும். வாரம் பூராவும் தடதடவென்று ஓடுகிற அந்தச் சத்தத்தில் இந்த ஊர்க்காரர்கள் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள். சனிக்கிழமை சம்பளம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தறிகளெல்லாம் நின்றால்தான் காக்கா கத்துவதே காதில் விழும். அதனால் மற்ற நாட்களில் அரையும் குறையுமாகக் கேட்ட ராமசுப்புவின் ஏச்சு, ஞாயிற்றுக்கிழமை விளக்குப் போடுகிற நேரத்தில் மட்டும் ஒரு சொல் சிந்தாமல் தெரு முழுக்கக் கேட்டது.

தெரு என்ன செய்யும்? முதலில் பயந்தது. கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கையை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “பேயின்னா விரட்டிருவேன். இது பேயில்ல, ராமசுப்பு. உசுரோட இருக்கிறவன நான் எங்கிட்டு விரட்ட?” என்று சொல்லி உடுக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்கள். குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு என்று அங்கே வைத்திருந்த எந்த இனத்திலும் இது சேரவில்லை. அப்புறம் தெருவுக்குச் சலித்தது, சலித்தபின் பழகிவிட்டது. குழாயடிப் பெண்கள், “ராமசுப்பு கத்துறதுக்குள்ள தண்ணி புடிச்சிரணும்டி” என்று அதையே மணியாக வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கூடவே சேர்ந்து சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கி, பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி அடி வாங்கின. பக்கத்து ஊர்களிலிருந்து கேட்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் சும்மாவா போவார்கள், சங்கிலி கடையில் வடை போதவில்லை. மளிகைக்கடை ஜெயக்கொடியின் மகளைப் பெண் பார்க்க வந்த அருப்புக்கோட்டைக்காரர்கள் வாசலில் அந்தக் குரலைக் கேட்டு வெலவெலத்து நிற்க, ஜெயக்கொடி ஒரு நொடிகூட அசரவில்லை. “அது எங்க தெரு ரேடியோ. நீங்க உள்ள வாங்க” என்றாள். சம்பந்தமும் கூடிவிட்டது.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள், ராமசுப்பு ஒருவனைத் தவிர. தான் வேலை பார்க்கிற தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை உருட்டி உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு திரிந்தான். குடிக்கிற நாளில் அவனைப் பார்த்தால் தெரு ஏசும், விளக்குமாற்றைத் தூக்கும், மனசு கேட்காமல் யாராவது கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டில் போடுவார்கள். இப்போது சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, கால் பின்னாமல் நேராக நடந்து வருகிறவனிடம் என்ன பேசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. குரலுக்குப் பதில் சொன்னார்கள், குரலோடு மல்லுக்கட்டினார்கள், ஆள் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். காலையில் பொங்கின சோற்றிலேயே சாயங்காலமும் தண்ணீர் ஊற்றித் தின்றான். ஒரு தட்டைத் தவிர மற்ற தட்டுகள் தூசி படிந்து கிடந்தன. பாவம்தான். ஆனால் பாவம் என்று அவனிடம் யார் போய்ச் சொல்வது?

அவன் பெண்சாதி முனீஸ்வரி, பன்னிரண்டு வயசு மகள் தனுஜாவைக் கூட்டிக்கொண்டு, மழை தூறின ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கரன்கோவிலில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் போனவள்தான். அவள் போன பிறகும் ஒரு பாட்டம் குடித்துத் தீர்த்துவிட்டு, ஒருநாள் காலையில், இனிமேல் முடியாது, இப்படியே போனால் செத்துப்போவோம் என்று அவனுக்கே தோன்றித்தான் நிறுத்தினான். அவர்கள் போன அன்றைக்கு வாசலில் என்ன நடந்தது, அவன் வாய் என்ன சொல்லிற்று என்று அவனுக்கு எள்ளளவும் ஞாபகமில்லை. ஆனால் தெருவிலேயே நீளமான ஏச்சு அவன் வீட்டு வாசலில்தான் நின்றது. மற்ற ஏச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள்கூட அதைக் கேட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ராமசுப்புவோ, விளக்குப் போடுவதற்கு முன்னாலேயே காதைப் பொத்திக்கொண்டு கிளம்பி, பைபாஸ் ரோடு வரைக்கும் நடந்து, அங்கே ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டு, எல்லாம் அடங்கினபிறகு திரும்பி வருவான். ஊருக்கே தெரிந்தது அவனுக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் மச்சான் நம்பருக்குப் போன் போட்டான். முனீஸ்வரிதான் எடுத்தாள்.

“குடிக்கிறதில்லயாமே” என்றாள்.

“இல்ல.”

“நீங்க பேசினதெல்லாம் தெருவுல நிக்குதாமே. நம்ம வாசல்லயுமா?”

“அங்கயும்தான்.”

“அது அங்க நிக்கிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். எம்பிள்ளை அத இன்னொரு தடவை கேக்க வேண்டாம்.”

“நான் என்ன சொன்னேன் முனீஸ்?”

“உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

“தெரியல. சத்தியமா.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. வந்தது வினை என்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அந்தக் குரல் போனால்தான் இவர்கள் வருவார்கள். அது போவதற்கு என்ன வழியென்று யாருக்கும் தெரியாது. கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலையே இடித்து வேறு பக்கம் வைக்கமுடியுமா என்று கேட்டான். அவர் கரண்டியால் சுவரைத் தட்டிப் பார்த்து, “சுவத்துல இல்லப்பா அது, காத்துல இருக்கு” என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைபாஸில் மழை பிடித்துக்கொண்டதால் அவன் கொஞ்சம் முன்னாடியே ஓடி வந்தான். நனைந்த துணி காதிலிருந்து நழுவி விழுந்தது. வீட்டை நெருங்கும்போது அவன் குரல் முடிந்துவிட்டிருந்தது. முடிந்த இடத்தில், ஆளில்லாத வாசல்படிக்கு மேலே, அவன் நெஞ்சு உயரத்திலிருந்து தனுஜாவின் குரல் பேசிற்று. “சரிப்பா. உள்ள வாங்கப்பா, தூறுது.” உடனே உள்ளேயிருந்து முனீஸ்வரி, கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், “தனு, செருப்பப் போடு” என்றாள். அவ்வளவுதான், அடங்கிவிட்டது. ராமசுப்பு மழையில் நின்று அப்படியே தேம்பித் தேம்பி அழுதான். எத்தனை நாளாயிற்று அந்த வீட்டில் இன்னொரு ஆள் பேசி! அதன்பிறகு ஞாயிறுதோறும் பைபாஸிலிருந்து கணக்காக நடந்துவந்து, தன் குரல் ஓய்கிற சமயம் துணியை எடுத்துவிட்டு, ஏச்சுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அந்த வாலை மட்டும் கேட்பான். பிள்ளை உள்ளே வரச் சொல்கிறாள், பெண்சாதி பிள்ளையைச் செருப்புப் போடச் சொல்கிறாள். வீட்டில் எல்லோரும் இருக்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பழைய சோற்றைத் தின்பான்.

ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதான். கையில் சம்பளம் விழுந்ததும் கால் தானாக ஒயின்ஷாப் பக்கம் திரும்பியது. ஒரு சனிக்கிழமை பாதி வழி போய்விட்டு, வியர்த்து விறுவிறுத்து, ராஜபாளையம் பஸ்ஸில் தாவி ஏறிவிட்டான். அங்கே பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எப்போதோ பார்த்த எழுத்து ஞாபகம் இருந்தது: குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கான கூட்டம், சனிக்கிழமை மாலை ஆறு மணி, சர்ச் பின்புறம், கட்டணம் இல்லை. எந்தச் சர்ச், எந்தப் பின்புறம்? கேட்டால் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை. எத்தனை ஊரில் ஒயின்ஷாப்புக்கு வழி கேட்டவன், எத்தனை பேரைக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டவன், குடியை விடுகிற இடத்துக்கு வழி கேட்கக் கூசிப்போய், மணிக்கூண்டு தெரிகிற சர்ச்சுகளை எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒன்றின் பின்னால் எதிரும் புதிருமாக ரெண்டு அறைகளில் வெளிச்சத்தைப் பார்த்தான். எதில் நுழைவது? ஒரு அறையிலிருந்து கெக்கே பிக்கேயென்று ஆண்கள் சிரிக்கிற சத்தம். இன்னொன்றில் யாரோ விசும்புகிற சத்தம். குடியை விடுகிறவன் எங்கேயாவது சிரிப்பானா என்று முடிவுகட்டி, விசும்பல் கேட்ட அறைக்குள் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கேதான் தப்பு நடந்தது. அது குடிக்கிறவர்களின் கூட்டம் இல்லை. குடிக்கிறவர்களின் வீட்டு ஆட்கள் கூடுகிற கூட்டம். சுற்றிலும் பெண்கள். நடுவில் கண்ணாடி போட்ட மரியபுஷ்பம் என்கிற அம்மாள், யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டி வரவேற்பாள். அங்கே வழக்கம் என்னவென்றால், பேச நினைத்தவர்கள் பேசலாம், நினைக்காதவர்கள் பேரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லக்கூடாது, நீ யார், ஏன் வந்தாய் என்று கேட்கவே கூடாது. கேட்கக்கூடாது என்பதால் யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனும், “என் பேரு ராமசுப்பு” என்பதோடு வாயை மூடிக்கொண்டான். பெண்சாதி குடிக்கிறாள் போல, பாவம் ஆம்பளை, வெளியே சொல்லமுடியாமல் வெந்து சாகிறார் என்று அவர்களாக நினைத்து, டீ கொடுக்கும்போது அவனுக்கு மட்டும் ரெண்டு முறுக்குக் கூடுதலாக வைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமையே அவனுக்கு உறைத்துவிட்டது. ஆனாலும் எழுந்துபோக மனசு வரவில்லை. ஏன் என்று கேட்டால், அந்தப் பெண்கள் பேசுவதில் முனீஸ்வரி இருந்தாள். சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பது, தெருவில் அவன் செருமும் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறான் என்று அளப்பது, பிள்ளையை எந்த மூலையில் படுக்கவைப்பது என்று யோசிப்பது என்று ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொல்லச் சொல்ல, அவன் வீட்டில் அவனுக்குத் தெரியாமல் நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியவந்தது. குறுக்கே பேசக்கூடாதே, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். முறுக்கைத் தின்னமுடியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவான்.

பிறகு ஒரு சனிக்கிழமை கஸ்தூரி என்கிற பெண் பேசினாள். அதிகம் பேசாதவள். “ஒரே ஒரு வார்த்தை, எங்கம்மாவச் சொல்லிட்டாரு. கொழம்புக்கு உப்புப் போடுறப்ப, தலை சீவுறப்ப, பஸ்சுல போறப்ப, எப்பவும் அது எங்காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. அவரு காலைல எந்திரிச்சு இட்லிக்குச் சட்னி எங்கேங்காரு. நெஜம்மாவே ஞாபகம் இல்லயா, ஞாபகம் இல்லாத மாதிரி நடிக்காரா? இத நான் யாரக் கேப்பேன்?”

பதில் சொல்லக்கூடாது என்பது வழக்கம். ராமசுப்பு எழுந்து நின்றான்.

“ஞாபகம் இருக்காதும்மா” என்றான். “எனக்கு இல்ல. குடிச்சது எம்பொண்டாட்டி இல்ல. நான்தான்.”

முறுக்குக் கொடுத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். கஸ்தூரி அவனையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அப்ப, சொன்னவன் எல்லாம் நிம்மதியாத் தூங்கிட்டு, இத்தனை வருஷமா நாங்க மட்டும்தான் தூக்கிச் சுமக்கமா?” என்றாள்.

“ஆமாம்மா” என்றான் ராமசுப்பு.

மரியபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “உங்க ரூம் எதுத்தாப்புல இருக்கு தம்பி. டீயக் குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.

எதிர் அறையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் கதையைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். “எங்ககிட்ட வர்றதுக்கு முந்தி நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிட்டு வந்திருக்கீரே வே” என்று ஒருவர் அவன் முதுகில் தட்டினார். ஏழெட்டு மாசத்தில் அவனை ஒரு மனுஷன் தொட்டது அதுதான் முதல் தடவை. அவனும் சிரித்தான், பாதியில் அது அழுகையாகிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விளக்குப் போடுகிற நேரம் அவன் பைபாஸுக்குப் போகவில்லை. காதிலிருந்த துணியை எடுத்து எறிந்துவிட்டு சங்கிலி கடைப் பெஞ்சில், தன் குரலுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தான். குரல் சங்கிலியைச் சொன்னது, சங்கிலி அப்பனைச் சொன்னது, சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னது. ராமசுப்பு தலையைக் குனிந்து கடைசிச் சொல் வரைக்கும் கேட்டான். மறுநாள் அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சங்கிலி காலி பெஞ்சைக் காட்டி, “யாவாரத்தக் கெடுத்துட்டியேண்ணே” என்றான் ராமசுப்புவிடம். ஆனால் அன்றைக்கு அவனுக்கு வைத்த டீ நல்ல டீயாக இருந்தது.

ஜெயக்கொடி விஷயம் அவ்வளவு லேசில் முடியவில்லை. “என்னையச் சொன்னத நீ கேக்குறப்ப நானும் பக்கத்துல நிப்பேன்” என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். குரல் ஆரம்பித்தது. “ஏ ஜெயக்கொடி, உம்புருஷன் நெஞ்சு வலியிலயா செத்தான்? உன் வாய்க்குப் பயந்துல்ல செத்தான்!” ராமசுப்புவுக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, அன்னைக்கு நான் என்ன நெலமையில இருந்தேன்னா” என்று வாயைத் திறந்தான். அவ்வளவுதான், குரல் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவன், “மன்னிச்சிருக்கா” என்றான். மறுபடியும் முதலிலிருந்து. ஜெயக்கொடிக்கு வந்ததே கோபம். “நீ ஒரு தடவை வாயத் தொறந்தா நான் ஒரு தடவை கேக்கணுமாடா? பொத்திக்கிட்டுக் கேளு!” என்றாள். அப்புறம்தான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். குரல் போய்விட்டது. ஜெயக்கொடி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, “போயிருச்சுங்கிறதுக்காக உன்னைய மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத” என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஆளுக்குச் சீனி நிறுத்துப் போட்டாள்.

இப்படிக் குழாயடி, வேப்பமரம், தறிக்கூட முக்கு என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தீர்த்தான். தெரு மறுபடி பழைய தெருவானது. அவன் வீட்டு வாசல் மட்டும் அப்படியே இருந்தது. மச்சான் போன் பண்ணி, “தங்கச்சி கேக்கச் சொல்லுச்சு, வாசல்ல இருந்தது போயிருச்சா?” என்றார். “இன்னும் இல்ல மச்சான்” என்றான். ஏன் இல்லை என்று அவனால் சொல்லமுடியவில்லை. அது போனால் அந்த வாலும் போய்விடுமே! பிள்ளை உள்ளே வரச் சொல்வதும், பெண்சாதி செருப்புப் போடச் சொல்வதும் போய்விடுமே! வருவார்களோ வரமாட்டார்களோ, நிச்சயமில்லாத அவர்களுக்காக, நிச்சயமாக ஞாயிறுதோறும் வருகிற அவர்கள் குரலை எப்படி அனுப்புவது? அடுத்த வாரம் பார்ப்போம், அதற்கடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனான். பைபாஸுக்குப் போனான், வாலுக்குத் திரும்பினான்.

ஜெயக்கொடிதான் ஒருநாள் வழிமறித்தாள். “ஊர்க்காரங்களச் சொன்னதெல்லாம் கேட்டாச்சு. பெத்த பிள்ளையச் சொன்னத மட்டும் கேக்க முடியலயோ?”

“பிள்ளையவா?” என்றான் ராமசுப்பு. “நான் முனீஸைத்தானே ஏசினேன்?”

“அத நான் சொல்லமாட்டேன். போய்க் கேளு” என்று ஜெயக்கொடி கடைக்குள் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டு வாசலுக்கு எதிரே தெருமண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குரல் தொடங்கியது. கதவைத் திறக்கச் சொன்னது, திறந்ததும் ஏன் திறந்தாய் என்றது, சோற்றைத் திட்டியது, முனீஸ்வரியின் அண்ணனைத் திட்டியது, தறி முதலாளியைத் திட்டியது, செத்துப்போன தன் அப்பாவைத் திட்டியது, வாங்காத நிலத்தையும் போகாத துபாயையும் இழுத்து, எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கடைசியில் குரல் தணிந்து, கிட்டத்தட்டக் கொஞ்சுகிற மாதிரி, வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னது: “நீ பொறக்காம இருந்திருந்தா அப்பா குடிச்சே இருக்கமாட்டேன், தெரியுமா?”

“சரிப்பா” என்றாள் தனுஜா. “உள்ள வாங்கப்பா, தூறுது.”

“தனு, செருப்பப் போடு” என்றாள் முனீஸ்வரி.

இத்தனை ஞாயிறும் அவன் கேட்டுக் கேட்டு, அதில் குளிர்காய்ந்து, அதைத் தொட்டுக்கொண்டு சோறு தின்ற அந்த ‘சரிப்பா’ எதற்குச் சொன்ன சரி என்று இப்போது தெரிந்தது. ஐயோ, பாவி! அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. கத்தினால் மறுபடி முதலிலிருந்து வரும், பிள்ளை மறுபடி அதைக் கேட்டுச் சரி சொல்லவேண்டிவரும் என்று ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் வாசலில் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் ஒன்றுமில்லை. தறிகளும் நின்ற அந்தச் சாயங்காலத்தில், வீடு அவ்வளவு அமைதியாக இருக்கமுடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. மகளின் குரலை நினைத்துப் பார்த்தான். சொற்கள் ஞாபகம் வந்தன, குரல் வரவில்லை. தாங்கமுடியாமல் எழுந்து, நடந்து, ஒயின்ஷாப் வாசலில்தான் போய் நின்றான். பாரில் கிளாஸ் கழுவுகிறவன் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, “வாங்கண்ணே, எங்கண்ணே போனீங்க இத்தனை நாளா? உடம்பு சரியில்லயோன்னு நெனச்சேன்” என்றான். அந்த ஊரில் அவனைத் தேடின ஒரே ஆள். ராமசுப்பு, “நல்லாருக்கேன்ப்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். வீட்டுக்கு வந்து சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு, “போயிருச்சு” என்று மட்டும் சொன்னான்.

முனீஸ்வரி தனியாகத்தான் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சரியாக வந்து, படியேறாமல் தெருவிலேயே நின்று, காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். ராமசுப்பு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சங்கிலி அடுப்பைத் தணித்தான், ஜெயக்கொடி டிவியை அணைத்தாள், தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் கேட்கவில்லை.

“முழுசாக் கேட்டீங்களா?” என்றாள்.

“கேட்டேன்.”

“சொல்லுங்க.”

அவன் தெருவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கொழகொழப்பு இல்லாத, நிதானமான, தன் சொந்தக் குரலில் சொன்னான். “‘நீ பொறக்காம இருந்திருந்தா அப்பா குடிச்சே இருக்கமாட்டேன்’னு சொன்னேன். தனுகிட்ட.”

“அதுக்கு அவ?”

“‘சரிப்பா’ன்னா.”

“காலைல கேட்டா எப்பவும் இல்லேம்பீங்க. நான் சொல்லவே இல்லேம்பீங்க. எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்” என்றாள் முனீஸ்வரி. சொல்லிவிட்டு, கீழ்ப்படியில், அவனுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்க்க உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் அவன் முதல்முதல் வாடையோடு வந்த நாளிலிருந்து ஆரம்பித்து, அவன் மறந்ததையும், மறந்த மாதிரி நடித்ததையும், அவனுக்குத் தெரியவே தெரியாததையும், நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அது அப்படியில்லை என்று சொல்ல அவன் நாக்குத் துடித்த இடங்கள் இருந்தன. நிலைப்படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

முக்கில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.

“இன்னும் மிச்சம் இருக்கு” என்றாள். “வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

“தனு?”

“அவளுக்குச் சொல்றதுக்குத் தனியா இருக்கு. அத நான் சொல்ல முடியாது. அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப வருவா. வராமயும் இருப்பா. வந்தா வாயத் தொறக்காமக் கேப்பீங்களா?”

“கேக்குறேன்” என்றான்.

முனீஸ்வரி திரும்பி அவனை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்க நடந்தாள். வீட்டுக்குள் ஒரு எட்டுக்கூட வைக்கவில்லை.